முகாமில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?

சில வருடங்களுக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். படகில் வந்து இறங்கியபோது, ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில் பதிந்து கொடுத்தது. மடிப்புகள் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிவிட்டது. நான் அதைப் பிரித்தபோது அவர் கை தாளின் மறுமுனையை விடவே இல்லை.

"இதைத் துலைச்சால் நாங்கள் வந்ததே இல்லை எண்டு ஆயிடும் தம்பி" என்றார்.

குடியுரிமை, அகதி, அந்தஸ்து என்று செய்திகளில் வருகிற சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும். நாற்பது வருடமாக ஒரு நாட்டில் வாழ்ந்துவிட்டு, அங்கே வாழ்வதற்கான ஆதாரமாக ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பது. இந்தக் கட்டுரை அந்த நிலைமையைப் பற்றியது. அப்புறம், அதில் இருப்பவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. சட்டம் படித்தவர்களுக்காக எழுதவில்லை. பக்கத்து ஊரில் ஒரு முகாம் இருப்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடுவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் கடல் தாண்டி வரத் தொடங்கினார்கள். போர் மூளும்போதெல்லாம் படகுகள் வந்தன. போர் கொஞ்சம் ஓய்ந்தபோது சிலர் திரும்பினார்கள், மறுபடி மூண்டபோது மறுபடி வந்தார்கள். மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் சுமார் 58,800 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு இருந்தவர்கள் இன்னும் 34,000 பேர். இதைத்தான் 'வெளிப்பதிவு' என்பார்கள்.

இவர்களில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை போன்ற வடகிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, மலையகத் தமிழர். பிரிட்டிஷ்காரர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இருந்தவர்கள் சுமார் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மீதியை நாட்டுக்கு 75,000 பேர் என்று பங்கிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கணக்கின்படி ஒழுங்காக வந்து குடியுரிமை பெற்றவர்கள் ஒருபக்கம் இருக்க, அது முடிவதற்குள் போர் துரத்த, கையில் தாள் இல்லாமல் படகேறியவர்கள் முகாம்களில் அகதிகளாகிவிட்டார்கள்.

மண்டபம் முகாமைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடம் 1983இல் அகதிகளுக்காகப் புதிதாகத் தேடிப் பிடித்த இடமில்லை. தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு அந்தக் காலத்தில் நடத்திய முகாம் அது. தாத்தா போன அதே வாசல் வழியாகப் பேரன் திரும்பி வந்தான். போகும்போது அவர் இந்த மண்ணின் ஆள். வரும்போது இவன் வெளிநாட்டவன்.

சரி, 'நிச்சயமில்லாத நிலை' என்றால் என்ன?

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. நாம் பேச்சில் அகதி என்கிறோம், அரசும் அட்டை கொடுத்து, பணக்கொடை கொடுத்து, அரிசி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அவர் வெறும் 'வெளிநாட்டவர்'தான். அதிலும் 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை எழுதினார்கள். செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. குண்டு விழுகிற ஊரிலிருந்து இரவோடு இரவாக மீன்பிடிப் படகில் ஏறியவரிடம் விசா எங்கே இருக்கும்? வந்த அன்றே அரசு அதிகாரியே பெயர் எழுதி, முகாமில் இடம் கொடுத்து உட்கார வைத்தவர் ஆனாலும் அவருக்கு அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டவர் ஒருவர் பல வருடம் இங்கே வாழ்ந்தால் பதிவு செய்தோ, நீண்டகால வசிப்பைக் காட்டியோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டவிரோதக் குடியேறிக்கு இரண்டு வழியும் அடைப்பு. பத்து வருடம் இருந்தாலும் நாற்பது வருடம் இருந்தாலும் கணக்கு ஓடாது.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்த அடைப்பைச் சிலருக்குத் திறந்துவிட்டது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு மட்டும். பட்டியலில் இலங்கை இல்லை. முகாமில் ஒரு பெரியவர் என்னிடம், "நாங்கள் இந்து இல்லையோ?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஏன் இந்த மூன்று நாடு மட்டும், ஏன் முஸ்லிம் இல்லை, ஏன் இலங்கை இல்லை என்ற கேள்விகளோடு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

பிறப்பு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இந்தியாவில் பிறந்தால் இந்தியர் என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள். இருவரும் இந்தியராக இருக்க வேண்டும்; ஒருவர்தான் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

இதை ஒரு முகாம் வீட்டுக்குள் கொண்டு போய் வைத்துப் பாருங்கள். அக்கா 1986இல் முகாமில் பிறந்தாள். தம்பி 1989இல் அதே அரசு மருத்துவமனையில் பிறந்தான். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே ரேஷன். சட்டப்படி அக்கா இந்தியர், தம்பி வெளிநாட்டவர். தான் இந்தியர் என்பது அந்த அக்காவுக்கே தெரியாது. அவளுக்கும் முகாம் அட்டைதான் கொடுத்திருக்கிறார்கள், அவளும் மாதம்தோறும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுத்தான் பணக்கொடை வாங்குகிறாள்.

அன்றாடத்தில் இது எப்படி இருக்கும்? சாப்பாட்டுக்குப் பெரிய பஞ்சமில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் உண்டு, அரசு ஆஸ்பத்திரி உண்டு. 2021 முதல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பத்துக்குப் பத்து அடி அறைகளில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய முகாம்களில் புது வீடுகள் கட்டுவதற்காக 7,469 வீடுகள் என்று அறிவித்து வேலையும் தொடங்கினார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள்தான்.

ஆனால் பெயின்ட் வேலைக்குப் போகிற ஒரு இளைஞனைப் பாருங்கள். வெளியூரில் பத்து நாள் வேலை கிடைக்கிறது. ஆள் முகாமில் இருக்கிறாரா என்று பார்க்கும் சரிபார்ப்பு நாளன்று அங்கே இல்லாவிட்டால் பெயரில் பிரச்சினை வரும். போவதா வேண்டாமா? பொறியியல் படித்த பெண் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், தேர்வாகிறாள். சேருகிற நாளில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். முகாமில் பட்டதாரிகள் நிறைய உண்டு, அவர்களில் பெயின்ட் அடிப்பவர்களும் நிறைய உண்டு. அரசு வேலைக்கு எழுத முடியாது. ஓட்டு இல்லை. நிலம் வாங்க முடியாது. வண்டி வாங்கினால் வெளியே இருக்கும் யாரோ ஒரு நண்பர் பெயரில். அந்த நண்பரோடு சண்டை வந்தால் வண்டியும் போயிற்று. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது "கேம்பா, வெளியிலா?" என்பதுதான்.

இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் உயிர் போகிற விஷயமில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று ஒரு மனிதனால் யோசிக்கவே முடியாமல் செய்வது இதுதான். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரர் வழக்கமான விசாரணைக்கு வந்தால்கூட அன்றைக்கு இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

இப்போது பரிந்து பேசுவது பற்றி. அட்வகசி என்று இதைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கறுப்புக் கோட்டு வக்கீல் ஞாபகம் வருகிறது, அல்லது மைக் பிடித்துப் பேசுகிறவர். இரண்டும் அதில் உண்டு. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி தாள் வேலை என்பது என் அனுபவம். ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையை அலுவலகம் மறுக்க முடியாத தாளாக மாற்றிக் கொடுப்பது.

அந்த மஞ்சள் பை அம்மாவின் தாள்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக இருந்தது, இலங்கை வழக்கப்படி. இங்கே எழுதிய இன்னொன்றில் அது ஒற்றை இனிஷியலாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவதில் கணவர் பெயரின் முதலெழுத்து. பிறந்த வருடம் இரண்டு தாள்களில் இரண்டு விதம். அலுவலகத்தின் கண்ணில் இவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஊர்ப் பள்ளிக்கூடச் சான்று, ஞானஸ்நானப் பதிவு, கூடவே படகில் வந்தவர்களின் உறுதிமொழி என்று தேட வேண்டும். அந்த ஒரு அம்மாவுக்கே எங்களுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தர மறுத்தார்கள். மறுவாரம் கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தோம். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனு.

இந்த வேலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்த அமைப்பு ஒஃபர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன், இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், சக அகதிகளோடு சேர்ந்து தொடங்கியது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து, அதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்கித் தந்தார்கள். இங்கேயே இருக்க ஆசைப்படுகிறவருக்கு இலங்கைச் சான்று எதற்கு என்று தோன்றலாம். இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை என்றால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாகிவிடும். ஒரு கால் ஊன்ற இடம் இருந்தால்தான் மறுகாலை எங்கே வைப்பது என்று யோசிக்க முடியும். மலையகத் தமிழருக்காகவும் இலங்கை 2003இல் ஒரு சட்டம் இயற்றி, 1964 முதல் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. இந்தியாவுக்கு ஓடிவந்தவர்கள் அதில் விடுபட்டுப்போனதால் 2009இல் திருத்தினார்கள்.

அடுத்தது நீதிமன்றம். 1992இல், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேகம் கூடியிருந்த நேரம். விரும்பிப் போகிறோம் என்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது உண்மையான விருப்பம்தானா என்று கேட்டு பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அதே வருடம், திரும்புகிறவர் சொந்த விருப்பத்தில்தான் போகிறாரா என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சரிபார்க்க ஏற்பாடு வந்தது. கப்பலேறுவதற்கு முன் ஒரு மூன்றாம் ஆள் தனியாகக் கூப்பிட்டு "உனக்குப் போக விருப்பமா?" என்று கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். 1964இல் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

1996இல், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து அருணாசலப் பிரதேசத்தில் தங்கிய சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தருகிற அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கிற எல்லோருக்கும் பொருந்தும் என்றது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்கள் புதிதாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். எதிர்க்காற்றும் உண்டு. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா சத்திரமா என்கிற கருத்தில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பேசியது முகாம்களில் பலரைக் கலங்க வைத்தது.

அதே வருடம் செப்டம்பர் 1 அன்று புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக அந்தச் சட்டத்தின் நடவடிக்கை பாயாது. பல வருட மனுக்கள், வழக்குகள், சந்திப்புகளுக்குப் பிறகு கிடைத்தது இது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று சிலர் வாட்ஸாப்பில் பரப்பினார்கள், அது தவறு. தண்டனைப் பயம் நீங்கியிருக்கிறது, அவ்வளவே. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள அந்த வரையறை அப்படியே இருக்கிறது. பதிவு செய்தவர்கள் என்ற சொல்லையும் கவனியுங்கள். மஞ்சள் பைக்குள் இருந்த தாள் இப்போது எவ்வளவு முக்கியமாகிவிட்டது!

பரிந்து பேச வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன், இதை நானே தடுமாறிக் கற்றுக்கொண்டேன். முகாமில் எல்லோருக்கும் ஒரே விருப்பம் இல்லை. அறுபது வயதுக்காரருக்கு ஊரில் தன் பனங்காணியைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். அவர் மகளுக்கு அந்த ஊரே தெரியாது, அவள் படித்தது, காதலித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் இங்கே. பேரனுக்கு ஆஸ்திரேலியா போன நண்பனின் போட்டோதான் கண்ணில் நிற்கிறது. "எல்லோருக்கும் குடியுரிமை கொடு" என்று நாம் முழங்கினால் திரும்ப நினைப்பவர் ஒதுங்கிவிடுவார்; "ஊருக்கு அனுப்பு" என்றால் மகள் நடுங்கிவிடுவாள். முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் பெயரையும் படத்தையும் கேட்காமல் எங்கேயும் போடக் கூடாது. பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிற தரகர்களிடம் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள் என்று நூறு முறையானாலும் சொல்ல வேண்டும். போலி ஆவணத்தில் மாட்டிக்கொண்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், சட்டம் தனக்கு என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். மறுத்தார்கள். அவர் கையில் இருந்தது பிறப்புச் சான்றிதழ். அதை வைத்து மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் என்பதால் அவர் இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சி கொட்டப்பட்டில் அவர் விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின.

அவரைப் போல 1987க்கு முன் பிறந்தவர்கள் மற்ற முகாம்களிலும் உண்டு. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிக் கொடுப்பது இன்றைக்கே யாராவது செய்யக்கூடிய வேலை. அந்த வயதுப் பெண் ஒருத்திக்கு 2006இல் பிறந்த மகள் இருக்கிறாள், கணவர் படகில் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வாக்காளர் அட்டை வந்துவிடும். அப்பாவிடம் முகாம் அட்டை. மகளுக்கு என்ன அட்டை என்று இன்றைய சட்டத்தைப் பார்த்துச் சொன்னால், அதுவும் முகாம் அட்டைதான்.